எந்த எரிபொருள்? வண்டிக்காரர் முடிவு செய்யட்டும்!

பிரேசிலில் கார்க்காரர் பங்க்குக்குள் நுழைந்ததும் விலைப்பலகையைத்தான் பார்ப்பார். எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குள் இருந்தால் எத்தனால். அதைத் தாண்டினால் பெட்ரோல். காரணம் எளிது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், எத்தனாலில் ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜும் அதற்கேற்பக் குறையும்.

இப்படி எரிபொருளைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு வர அந்த நாடு பட்ட பாடு கொஞ்சமல்ல. 1973 எண்ணெய் நெருக்கடியில் அடிவாங்கிய பிரேசில், 1975-ல் எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது. 1979-ல் முழுக்க எத்தனாலில் ஓடும் ஃபியட் 147 வந்தது. எண்பதுகளின் நடுவில் விற்ற புதிய கார்களில் பெரும்பாலானவை எத்தனால் கார்களே. பிறகு சர்க்கரை விலை ஏற, ஆலைகள் கரும்பைச் சர்க்கரைக்குத் திருப்பின. 1989 வாக்கில் எத்தனாலுக்குக் கடும் தட்டுப்பாடு. வேறு எரிபொருள் போட வழியில்லாத கார்கள் பங்க் வாசலில் வரிசைகட்டி நின்றன. மக்களுக்கு எத்தனால் மீதிருந்த நம்பிக்கையே போய்விட்டது.

அந்த நம்பிக்கையை மீட்டது, 2003-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல் ஃப்ளெக்ஸ் கார். பெட்ரோல், எத்தனால், இரண்டும் கலந்தது என எதை ஊற்றினாலும் ஓடும். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் கலவையைக் கண்டறிய, அதற்கேற்ப எரிபொருள் அளவையும் தீப்பொறி நேரத்தையும் கணினி மாற்றும். குளிர்ந்த காலையில் எத்தனால் எளிதில் பற்றாது என்பதால், ஆரம்பகால ஃப்ளெக்ஸ் கார்களில் பானட்டுக்குள் ஒரு குட்டிப் பெட்ரோல் டேங்க்கும் இருந்தது. 2019-ல் டொயோட்டா கரோலா, ஃப்ளெக்ஸ் இன்ஜினோடு பேட்டரியையும் மோட்டாரையும் சேர்த்து ஹைப்ரிட்டாகவே அங்கே வந்துவிட்டது.

நம் நாட்டில் நிலைமை வேறு. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்க 2030-க்கு வைத்திருந்த இலக்கை இந்தியா 2025-லேயே எட்டியது. கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைக்க இது தேவையான முயற்சிதான். ஆனால் இங்கே ஓடும் பழைய வண்டிகள் பலவும் இந்தக் கலப்புக்காகச் செய்யப்பட்டவை அல்ல. 10 சதவீதக் கலப்புக்கு ஏற்ப அமைக்கப்பட்ட கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-லேயே நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. ரப்பர் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் சீக்கிரம் தேயலாம். இருந்தும் வழக்கமான விலையில் கலப்பு குறைந்த பெட்ரோல் கிடைப்பது அரிது.

பிரேசிலிலும் பெட்ரோலில் 30 சதவீத எத்தனால் கட்டாயம்தான். ஆனால் அங்கே ஓடும் கார்களில் பெரும்பாலானவை எதையும் ஏற்கும் ஃப்ளெக்ஸ் கார்கள். முதலில் வண்டி தயாரானது. கலப்பு 30 சதவீதத்துக்கு ஏறியது அதற்குப் பின்னால்தான். நம் அரசும் அந்த வரிசையில் போகட்டும். பழைய வண்டிகளுக்குக் குறைந்த கலப்புப் பெட்ரோலைத் தனி பம்ப்பில் கொடுங்கள். மைலேஜ் குறையும் அளவுக்கு விலையையும் குறையுங்கள். ஃப்ளெக்ஸ் கார்களைச் சாமானியர் வாங்கும் விலைக்குக் கொண்டுவாருங்கள். தூய எரிபொருளுக்கான செலவை வண்டிக்காரர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல.