புகையும் பருமனும்: சகோதரர்கள் பேசத் தயங்கும் வியாதி

சிறுநீர்ப்பைக்குச் சற்றுக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி, பெருநெல்லிக்காய் அளவில் ஒரு சுரப்பி அமைந்திருக்கிறது. ஆண்களுக்கு மாத்திரமே உள்ள இதற்குப் புராஸ்டேட் என்று பெயர். மார்பகப் புற்றுநோயைக் குறித்துச் சகோதரிகள் கூட்டங்களில் இக்காலத்தில் தாராளமாகப் பேசுகிறார்கள். புராஸ்டேட் புற்றுநோயைக் குறித்துச் சகோதரர்கள் கூட்டத்தில் பேசிய சபைகள் எத்தனை? இரவில் நான்கு முறை எழுந்து செல்லும் தகப்பனார் அதைத் தம் மனைவியிடங்கூடச் சொல்வதில்லை.

2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்களுக்கு இப்புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 4 லட்சம் பேர் இதனால் மரித்தார்கள். இது மேல்நாட்டு வியாதி என்று தள்ளிவிடுவதற்கில்லை. பெங்களூர் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை 1982 முதல் அந்நகரின் புற்றுநோயாளிகளைப் பதிவுசெய்து வருகிறது. அப்பதிவேட்டில் புராஸ்டேட் புற்றுநோய் ஏறுமுகமாகவே இருக்கிறது. ஆயுசு நாட்கள் கூடியிருப்பதும் பரிசோதனைகள் பெருகியிருப்பதும் இதற்குக் காரணங்கள். மாறிப்போன வாழ்க்கைமுறையையும் மருத்துவர்கள் சேர்த்தே சொல்லுகிறார்கள்.

புகைபிடித்தால் நுரையீரல் கெடும், வாய் கெடும் என்பதை எல்லாரும் அறிவர். புராஸ்டேட்டுக்கும் புகைக்கும் என்ன தொடர்பு? விடை சற்று விசித்திரமானது. இந்நோய் வருவதற்குப் புகைதான் காரணம் என்று மருத்துவ உலகம் நிரூபிக்கவில்லை. ஆனால் நோய் வந்தபின் புகைபிடிப்பவர் மரிக்கும் அபாயம் கூடுகிறது. அமெரிக்காவில் 1986 முதல் 2006 வரை இந்நோய் கண்டறியப்பட்ட 5,366 ஆண்களை ஆராய்ந்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் கண்டறியப்பட்ட வேளையில் புகைபிடித்துக்கொண்டிருந்தவர்கள் இப்புற்றுநோயால் மரிக்கும் அபாயம், ஒருபோதும் புகைக்காதவர்களைவிட 61 சதவீதம் அதிகமாயிருந்தது. அதே ஆய்வில் ஆறுதலான செய்தியும் உண்டு: பத்து ஆண்டுகளுக்கு முன்பே விட்டுவிட்டவர்களின் அபாயம், புகைக்காதவர்களுடையதற்கு ஏறக்குறையச் சமமாயிருந்தது.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிகரெட்டைக் குறித்தவை. நம் மக்கள் கையில் இருப்பதோ பீடி. 2016-17-இல் நடந்த தேசிய கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம், பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம். இலையில் சுற்றியது, சிறியது, ஆகையால் தீங்கு குறைவு என்பது வீண் சமாதானம். அணையாதிருக்க அடிக்கடி இழுக்கவேண்டியிருப்பதால் பீடிப் புகையில் தாரும் நிக்கோடினும் அதிகமாகவே உள்ளே போகின்றன. மைசூரைச் சுற்றி உன்சூர், பெரியபட்டணா வட்டாரங்களில் புகையிலையே பணப்பயிர். அதைப் பயிரிட்டுப் பிழைக்கும் குடியானவரை நாம் குறைகூறவில்லை. ஆனால் எளிதில் கைக்குக் கிடைக்கும் பொருளை விடுவது கடினம்.

நம் சபைகளில் அநேகர் இரட்சிக்கப்பட்ட நாளிலேயே பீடியை எறிந்துவிட்டவர்கள். அது நல்லது. ஆனால் புகையை விட்ட நாம் பருமனை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. பழைய மைசூர் மாவட்டத்தோடு இருந்து, 1997-இல் சாமராஜநகர் மாவட்டத்தில் சேர்ந்த பாலாற்றுப் பகுதியை நினைத்துப் பாருங்கள். மாதேஸ்வரன் மலையடிவாரத்தில் கேழ்வரகுக் களி உண்டு, மேடு பள்ளம் ஏறி இறங்கி உழைத்த சரீரம், நகரத்திற்கு வந்தபின் காவலாளி நாற்காலியிலும் ஆட்டோ இருக்கையிலும் பன்னிரண்டு மணிநேரம் உட்கார்ந்திருக்கிறது. இரவில் பரோட்டா. ஐந்தாறு ஆண்டுகளில் இடுப்புப் பட்டையில் புதுத் துளை போடவேண்டியதாகிறது. இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலே எச்சரிக்கை என்று மருத்துவர்கள் கூறுகின்றனர்.

உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2014-இல் வெளியிட்ட அறிக்கை, முற்றிய நிலை புராஸ்டேட் புற்றுநோய்க்கு உடற்பருமன் அநேகமாகக் காரணமாகிறது என்றது. கொழுப்பு மிகுந்த சரீரத்தில் இன்சுலின் முதலிய சுரப்புநீர்களின் ஒழுங்கு மாறுகிறது. ஓயாத அழற்சியும் உண்டாகிறது. உயரமானவர்களுக்கும் அபாயம் சற்று அதிகம் என்றது அதே அறிக்கை. கவலைப்பட்டு உயரத்தைக் குறைக்க ஒருவராலும் ஆகாது, இடுப்பைக் குறைக்கலாம்.

பருமனில் மறைவான ஆபத்து ஒன்றும் இருக்கிறது. இந்நோயைச் சந்தேகிக்க உதவுவது பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை. பருத்த சரீரத்தில் இரத்தத்தின் மொத்த அளவு அதிகம். ஒரு கைப்பிடி உப்பைச் சொம்பில் கரைத்தாலும் குடத்தில் கரைத்தாலும் சுவை ஒன்றாயிருக்குமோ? அப்படியே பருத்தவரின் பி.எஸ்.ஏ. அளவு குறைவாகத் தோன்றி, நோய் தாமதமாக அகப்படக்கூடும். ஆகையால் பரிசோதனைத் தாளில் உள்ள எண்ணை மாத்திரம் பார்த்துத் தைரியங்கொள்ளாமல் மருத்துவரிடம் காண்பிப்பது அவசியம்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். ஒல்லியானவருக்கும் ஒருநாளும் புகையைத் தொடாதவருக்கும் இந்நோய் வருகிறது. வயது இதன் முதற்காரணம். தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இருந்தால் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகவே ஒரு சகோதரர் இவ்வியாதியில் விழுந்தால், இரகசியமாய்ப் புகைத்திருப்பார் என்று சபையில் முணுமுணுப்பது அநியாயம். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக்குருடனைக் கண்ட சீஷர்களும் யார் பாவம் செய்தது என்றுதான் விசாரித்தார்கள். ஆண்டவர் அந்த விசாரணைக்கு இடங்கொடுக்கவில்லை.

ஐம்பது வயதானவர்களும், குடும்பத்தில் இந்நோய் உள்ள நாற்பத்தைந்து வயதினரும் பி.எஸ்.ஏ. பரிசோதனை தமக்குத் தேவையா என்று மருத்துவரைக் கேட்கலாம். மெதுவாய் வளரும் கட்டிக்குத் தேவையற்ற சிகிச்சை நேரிடுவதும் உண்டாகையால் இது எல்லாருக்கும் கட்டாயமன்று. சிறுநீர் தடைப்படுவது பெரும்பாலும் வயதினால் உண்டாகும் சாதாரண வீக்கமே. ஆயினும் சிறுநீரில் இரத்தம், இடுப்பிலோ முதுகெலும்பிலோ தீராத வலி இருந்தால் தாமதிக்கலாகாது. ஜெபிக்கிற வீட்டாரே மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்லட்டும். மைசூரில் கே.ஆர். அரசு மருத்துவமனையும் பெங்களூரில் கித்வாயும் ஏழைகளுக்குத் திறந்தவை. பீடியை விட விரும்பியும் முடியாதவர்கள் 1800 112 356 என்ற தேசியத் தொலைபேசி எண்ணைக் கட்டணமின்றி அழைத்து ஆலோசனை பெறலாம்.