பொன்னிலே பொறித்த திருமுகம்



சீசருக்கு வரி செலுத்துவது முறையா எனச் சிலர் சூழ்ச்சியோடு வினவியபோது, இயேசு ஒரு நாணயத்தைக் கொண்டுவரச் செய்து, அதில் உள்ள உருவம் யாருடையது எனக் கேட்டார் (மத். 22:15-22).

கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட உரோமைப் பேரரசன் திபேரியுவின் காசுகள் இன்றும் நூதனசாலைகளில் உள்ளன. ‘ஔரேயுஸ்’ எனும் பொற்காசிலும் ‘தெனாரியம்’ எனும் வெள்ளிக்காசிலும் அவன் ஒரே உருவ அமைப்பைப் பொறித்தான். ஒருபுறம் வாகைமாலை சூடிய அவனது தலை. சுற்றிலும், தெய்வமாக உயர்த்தப்பட்ட அகுஸ்துவின் மகன் என்னும் வாசகம். மறுபுறம் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண்ணுருவமும், தலைமைக் குரு என்னும் அவனது பட்டமும். இவ்வாறு தெய்வத்தின் மகன் எனத் தன்னை அழைத்த அரசனின் காசை ஏந்தியவர்கள், உண்மையான இறைமகனின் முன்னே நின்றார்கள்!

ஏறத்தாழ 650 ஆண்டுகள் கடந்தன. கொன்ஸ்தாந்திநோப்பிளில் ஆட்சி புரிந்த இரண்டாம் யுஸ்தினியான், தன் முதலாவது ஆட்சிக்காலத்தில் (685-695) ‘சொலிதுஸ்’ எனும் பொற்காசின் முகப்பிலே கிறிஸ்துவின் திருமுகத்தைப் பொறித்து, ஆள்வோரின் அரசர் என எழுதுவித்தான். தன் உருவத்தைப் பின்புறத்துக்கு மாற்றி, சிலுவையைப் பற்றி நிற்பவனாகக் காட்டி, கிறிஸ்துவின் ஊழியன் எனத் தன்னை அழைத்துக்கொண்டான்.

எத்துணைப் பணிவு! ஆயினும் அவனது ஆட்சியோ கொடியது. வரிச்சுமையால் வெறுப்புற்ற மக்கள் 695இல் கிளர்ந்தெழுந்தனர். மூக்கு அரியப்பட்டு அவன் நாடுகடத்தப்பட்டான். 705இல் மீண்டும் அரியணை ஏறியவன் பகைவரைக் கொன்றான். முதுபெரும் தந்தை கல்லினிக்கஸின் கண்களைப் பறித்தான். அந்நாட்களிலும் அவன் காசில் கிறிஸ்துவின் திருமுகம் இருந்தது. 711இல் அவனும் கொல்லப்பட்டான்.

அன்பர்களே, நாமும் கழுத்திலே பொற்சிலுவை அணிகிறோம். வீட்டிலே திருஇருதயப் படத்தை வைத்து வணங்குகிறோம். இவை நல்லவையே. ஆனால் கடன் கேட்டு நம் வாசலில் நிற்கும் அயலவரும், செய்த வேலைக்குக் கூலி கேட்டுக் காத்திருக்கும் தொழிலாளியும் நம்மிடத்தில் எவருடைய முகத்தைக் காண்கிறார்கள்?

கடவுள் தம் சாயலை மனிதரிலேயே பதித்தார் (தொ.நூ. 1:27). திருமுழுக்கிலே அழியாத முத்திரையையும் நமக்குத் தந்தார். காசுக்கும் நேர்மைக்கும் தமிழிலே ‘நாணயம்’ என்பதே பெயர். இவ்வாரம் யாருக்கேனும் நாம் கொடுக்கவேண்டிய கூலியோ கடனோ நிலுவையில் இருப்பின், அடுத்த ஞாயிறு திருப்பலிக்குச் செல்லுமுன் அதனைக் கொடுத்துத் தீர்ப்போம்.