தரையை உதைக்கும் கால்

பசுமலை அடிவாரத்தில் வேப்பமரத்தடியில் கட்டியிருந்த மட்டக் குதிரை பின்னங்காலைத் தூக்கித் தூக்கித் தரையில் உதைத்துக்கொண்டிருந்தது. ஓய்ந்ததும் ஒரு காலை இன்னொரு காலில் தேய்த்தது. பிறகு திரும்பிக் குளம்புக்கு மேலே பல்லால் கடித்தது. "ஈ மொய்க்குது சார், அதான்" என்றார் வண்டிக்காரர். முடியை விலக்கிப் பார்த்தோம். தோலில் சாம்பல் நிறப் பொருக்கு. சுரண்டினால் தவிடு போல் உதிர்ந்தது.

இப்படி உதைக்கக் காரணம் பல இருக்கலாம். அதில் பலரும் மறந்துவிடுவது கால் சொறிப்பூச்சியை. கோரியாப்டிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். சிலந்திக்கு உறவு, எட்டுக் கால், உடல் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நுண்ணோக்கியில் அதன் பாதத்தைப் பார்க்க வேண்டும்: குட்டைக் காம்பு, நுனியில் குட்டிக் கிண்ணம் போல ஓர் உறிஞ்சி. அதை வைத்துத்தான் தோலைப் பற்றி நடக்கிறது.

இது ரத்தம் குடிப்பதில்லை. மனிதருக்கும் தொற்றக்கூடிய சிரங்குப் பூச்சியைப் போலத் தோலுக்குள் வளை தோண்டுவதும் இல்லை. உதிரும் தோல் செதிலைத் தின்று மேலேயே வாழ்கிறது. அரிப்பு பெரும்பாலும் குதிரையின் உடல் காட்டும் ஒவ்வாமை. அதனால்தான் ஒரே லாயத்தில் ஒரு குதிரை துடிக்கும். பக்கத்துக் குதிரையோ பூச்சியைச் சுமந்தபடியே சும்மா நிற்கும். வாய்வழி கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தும் ரத்தத்தில்தான் ஓடுகிறது. ரத்தத்தைத் தொடாத பூச்சி அதற்கு முழுதாகச் சிக்குவதில்லை.

அதன் கோட்டை முடி. இங்கிலாந்தின் ஷயர், ஸ்காட்லாந்தின் கிளைட்ஸ்டேல் போன்று குளம்பை மூடுமளவு முடி தொங்கும் இனங்களே அதிகம் அவதிப்படுகின்றன. மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளின் கால் வழுவழுப்பானது. ஆனாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை வாங்குகிறவர்கள் பல்லையும் சுழியையும் பார்க்கிறார்கள். கணுக்காலின் பின்பக்கத்தையும் ஒருமுறை தடவிப் பார்க்கலாம்.

குதிரையின் நோயைக் கவனிக்கத் தெரியாத கதை பழையது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் பயணி மார்க்கோ போலோ, இங்குள்ள மன்னர்கள் ஆண்டுக்கு 2,000-க்கு மேல் குதிரை வாங்கியதையும், அவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்த ஆண்டுக்குள்ளேயே செத்ததையும் எழுதினார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இல்லை என்பதே அவர் சொன்ன காரணம். கால் சொறிப்பூச்சி குதிரையைக் கொல்லாது. ஆனால் கடித்துத் தேய்த்த புண்ணில் கிருமி ஏறினால் கால் வீங்கும், நடை கெடும். வாயில்லா ஜீவன் உதைத்துத்தான் சொல்ல முடியும்.

முடியைக் கத்தரித்து, பொருக்கை ஊறவைத்துக் கழுவி, கால்நடை மருத்துவர் தரும் மருந்தைத் தோல்மேலேயே போட வேண்டும். முட்டை பூச்சியாக வளர ஏறத்தாழ 3 வாரம் ஆவதால் ஒரே தடவையோடு விடக்கூடாது. கீழே விழுந்த பூச்சியும் பல வாரம் உயிரோடிருக்கும் என்பதால் படுக்கை வைக்கோலை மாற்ற வேண்டும். லாயத்துக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஒருசேர மருந்து போட வேண்டும்.

இதைக் கேட்ட வண்டிக்காரர், பக்கத்தில் அமைதியாகக் கொள்ளு தின்றுகொண்டிருந்த இன்னொரு குதிரையின் காலைத் தூக்கி முடியை விலக்கினார். அதே சாம்பல் தவிடு.