ஷூ ரேக், பைக், பூட்டிய கதவு... தீப்பிடித்தால் உங்கள் மாடிப்படி வழிவிடுமா?

சென்னையில் மாம்பலமோ மடிப்பாக்கமோ, ஏதாவது ஒரு அபார்ட்மென்ட்டின் மாடிப்படியில் ஏறிப் பாருங்கள். தரைத்தளத்தில் படிக்குக் கீழேயே இ.பி. மீட்டர் பெட்டிகள். அவற்றை ஒட்டி நாலைந்து பைக்குகள். முதல் மாடித் திருப்பத்தில் ஷூ ரேக், அதன்மேல் பழைய பேப்பர் கட்டு. இரண்டாவது மாடியில், வீடு காலி செய்தவர்கள் விட்டுப்போன சோஃபா. மூன்றாவது மாடியில் குழந்தைகளின் சைக்கிள். அதற்கும் மேலே மொட்டை மாடிக் கதவில் ஒரு பூட்டு. சாவி அசோசியேஷன் செக்ரட்டரியிடம் இருக்கும். அவர் ஊருக்குப் போயிருப்பார்!

தினமும் ஏறி இறங்குகிறவர்கள் யாருக்கும் இதெல்லாம் கண்ணில் படுவதே இல்லை. ஆனால், அந்தக் கட்டடத்தில் தீப்பிடித்தால் வெளியே வருவதற்கு இருக்கும் ஒரே வழி அந்த மாடிப்படிதான்.

60 அடிக்குக் கீழே யார் பார்ப்பது?

'ஃபயர் டிபார்ட்மென்ட் பார்க்காமலா கட்டியிருப்பார்கள்?' என்று பலரும் நினைக்கிறோம். பெரும்பாலான அபார்ட்மென்ட்டுகளில் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதுதான் நிஜம்.

2019-ம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 18.30 மீட்டர் உயரத்தில் ஒரு கோடு போடுகின்றன. சுமார் 60 அடி. அதைத் தாண்டினால் அது 'உயரமான கட்டடம்'. அப்படிப்பட்ட கட்டடத்துக்குத் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். தீயணைப்புக்கென்று தண்ணீர்த் தொட்டி, மாடிதோறும் குழாய், கட்டடத்தைச் சுற்றி வண்டி வந்து போக இடம் என்று பட்டியல் நீளும்.

கீழே பார்க்கிங், மேலே மூன்று நான்கு மாடிகள் என்று தெருவுக்குத் தெரு நிற்கும் ஃப்ளாட்டுகள் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே வருகின்றன. வெறும் குடியிருப்பாக இருக்கும் இந்தக் கட்டடங்களுக்குப் பொதுவாக அந்தச் சான்று கேட்கப்படுவதில்லை. பிளான் அப்ரூவல் கிடைத்து வீடு கைக்கு வந்துவிட்டால், தீ விஷயத்தில் அதிகாரி யாரும் வந்து கதவைத் தட்டப்போவதில்லை. 2017-ல் தி.நகர் ஜவுளிக்கடை எரிந்தபோது கடைகளின் பாதுகாப்பைப் பற்றி ஊரே பேசியது. நாம் தூங்கும் கட்டடத்தைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சு எழவில்லை.

ஆளைக் கொல்வது புகை

வீட்டுத் தீ விபத்துகளில் தீக்காயத்தைவிட முதலில் ஆளை வீழ்த்துவது புகை. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. வீட்டுக்குள் இருந்த தந்தையும் மகளும் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அதே ஆண்டு நவம்பரில் சென்னையை அடுத்த ஊரப்பாக்கத்தில் ஃப்ரிட்ஜ் வெடித்துப் பரவிய புகை, ஒரே குடும்பத்தில் மூன்று பேரின் உயிரைக் குடித்தது.

சூடான புகை மேல்நோக்கித்தான் போகும். மாடிப்படி இருக்கும் இடம் அதற்கு ஒரு புகைபோக்கி மாதிரி. தரைத்தளத்தில் மீட்டர் பெட்டி பற்றிக்கொண்டால், பக்கத்திலிருக்கும் பைக்கின் சீட், டயர், பெட்ரோல் என்று எல்லாம் சேர்ந்து எரியும். அந்தக் கறுப்புப் புகை சில நிமிடங்களில் மேல் மாடிக் கதவுகள்வரை வந்துவிடும். உச்சியில் கதவு பூட்டியிருந்தால் அதற்கும் வெளியே போக வழியில்லை. அங்கேயே நிறைந்து நிற்கும்.

அதனால், அசோசியேஷன் கூட்டத்தில் முதலில் பேச வேண்டியது மீட்டர் போர்டைப் பற்றித்தான். அதற்கு முன்னால் வண்டி நிற்கக் கூடாது. பெட்டிக்குள் பழைய துணி, துடைப்பம், பெயின்ட் டப்பா எதுவும் இருக்கக் கூடாது. வயர் கருகிய வாடை வந்தாலோ, சுவிட்சைத் தொட்டால் சூடாக இருந்தாலோ, எலக்ட்ரீஷியனை நாளைக்கு வரச் சொல்லலாம் என்று விடக் கூடாது. ஏ.சி. போட்டதும் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று, அதைக் கழற்றிவிட்டு இன்னும் பெரிய ஆம்பியரில் ஒன்றை மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. வயர் தாங்காமல் சூடாகிறது என்று சொல்லத்தான் அது விழுகிறது. மாற்ற வேண்டியது வயரை. மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் அதை மாடிப்படிக்குக் கீழே சார்ஜ் போடாமல், வெளிச்சுவர் ஓரமாக, எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில் போடுவது நல்லது. கம்பெனி கொடுத்த சார்ஜரைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

படி யாருக்குச் சொந்தம்?

இங்கேதான் சண்டையே ஆரம்பிக்கும். 'என் வாசல், என் ஷூ ரேக்' என்பார் ஒருவர். 'பத்து வருஷமா இருக்கு, இப்ப என்ன புதுசா?' என்பார் இன்னொருவர். வாடகைக்கு இருப்பவர்கள் பேசவே தயங்குவார்கள்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், மாடிப்படி, லிஃப்ட், அவற்றின் முன்பகுதி, பொது நுழைவாயில், மொட்டை மாடி எல்லாவற்றையும் பொது இடம் என்று பெயர் சொல்லியே வரையறுக்கிறது. ஃப்ளாட் வாங்கியவருக்குத் தன் வாசலுக்கு வெளியே இருக்கும் தரை தனியாகச் சொந்தமில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 287-வது பிரிவும் இருக்கிறது. நெருப்பு அல்லது எளிதில் தீப்பற்றும் பொருள் விஷயத்தில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாக இருந்தால், ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர்மீது யாரும் போலீஸுக்கு ஓடப்போவதில்லை. தினமும் முகம் பார்க்க வேண்டியவர்கள். ஒருவரைக் குறிவைக்காமல், 'இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லா மாடியிலும் படியைக் காலி செய்கிறோம்' என்று கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டு, அன்றைக்கே பழைய சாமான்காரரையும் வரவழைத்துவிட்டால் பாதி வேலை முடியும். ஷூ ரேக் வீட்டுக்குள் போகட்டும்.

மொட்டை மாடிப் பூட்டு கொஞ்சம் சிக்கலானது. திருட்டு பயம், தண்ணீர்த் தொட்டி, ஏறி விளையாடும் குழந்தைகள் என்று பூட்டுவதற்குக் காரணங்கள் நியாயமானவையே. பூட்டுக்குப் பதிலாக உள்பக்கம் எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள் போடலாம். பூட்டியே ஆக வேண்டுமென்றால், கதவருகிலேயே கண்ணாடிப் பெட்டியில் ஒரு சாவியும், மாடிக்கு ஒரு வீட்டில் ஒரு சாவியும் இருக்கட்டும். பால்கனியையும் ஜன்னலையும் முழுக்க கிரில் போட்டு அடைத்தவர்கள், அதில் ஒரு பகுதியைத் திறக்கும்படி மாற்றிக்கொண்டு, சாவியை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஆணியில் மாட்டிவைப்பது நல்லது.

கேஸ் வாடை வந்தால்...

சமையலறை விஷயம் பலருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகவே சொல்லலாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறங்கள். லைட் சுவிட்ச் மட்டுமல்ல, எக்ஸாஸ்ட் ஃபேனையும் தொடக் கூடாது. வெளியே வந்து 1906 எண்ணுக்கு அழைக்கலாம். ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாமல், அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஒரு தீயணைப்பான் மாடிக்கு ஒன்றாவது இருக்கட்டும். அதன் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

கதவைத் திறக்கும் முன்...

தீ என்று சத்தம் கேட்டதும் சட்டென்று கதவைத் திறந்து ஓடக் கூடாது. முதலில் கதவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இல்லை, படியில் புகையும் இல்லை என்றால், கதவைச் சாத்திவிட்டுக் கீழே இறங்குங்கள். படி முழுக்கப் புகையாக இருந்தால் அதற்குள் நுழையக் கூடாது, மொட்டை மாடிக்கு ஓடவும் கூடாது. அந்தப் புகை உங்களுக்கு முன்பே அங்கே போயிருக்கும். உள்ளேயே இருந்து, கதவிடுக்கில் ஈரத் துணியை அடைத்துவிட்டு, தெருப்பக்கம் இருக்கும் பால்கனிக்கு வந்து ஆட்கள் கண்ணில் படும்படி நில்லுங்கள். லிஃப்ட் வேண்டவே வேண்டாம். கரன்ட் போனால் நடுவழியில் நின்றுவிடும்.

தீயணைப்பு நிலையத்துக்கு 101, பொது அவசர எண் 112. தெருப் பெயரோடு பக்கத்திலிருக்கும் கோயில், பள்ளி என்று ஓர் அடையாளமும் சொல்லுங்கள். ராயபுரம், திருவல்லிக்கேணி மாதிரி இடங்களில் இருபுறமும் கார் நிற்கும் தெருவுக்குள் பெரிய வண்டி நுழைவதே பெரும்பாடு. அதனால் போன் பேசி முடித்ததும், வெளியே இருக்கும் ஒருவர் தெருமுனைக்குப் போய் நிற்கட்டும். இன்னொருவர் கார்க்காரர்களைத் தேடிப் பிடித்து வண்டியை எடுக்கச் சொல்லட்டும்.