சங்கத்தின் பொதுச் சர்வரும் ஆபீஸ் மென்பொருள் உரிமமும்

ஒன்றை வாங்கிப் பலர் பயன்படுத்துவதே கூட்டுறவின் அடிப்படை. சங்கம் ஒரு தராசு வாங்கினால் அங்கத்தினர் அனைவரும் அதில் நிறுக்கலாம்; ஒரு கிடங்கு கட்டினால் அனைவரும் அதில் மூட்டைகளை வைக்கலாம். இத்தனை பேர்தாம் நிறுக்கலாம் என்று தராசு விற்றவர் வந்து கேட்பதில்லை. ஆனால் கணிப்பொறியில் இயங்கும் மென்பொருளின் நிலை அத்தகையதன்று. இவ்வேற்றுமையை நிர்வாகக் குழுவினர் மட்டுமன்றி அங்கத்தினர் யாவருமே அறிந்திருத்தல் நலம். ஏனெனில் செலவாவது நம் பொதுப் பணம்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. 63,000 சங்கங்கள், 2,516 கோடி ரூபாய் என்பது அப்போது வகுக்கப்பட்ட அளவு. அத்திட்டத்தின் கணக்கு மென்பொருள் வேறு. கடிதம் எழுதவும், பட்டியல் போடவும், கூட்டத் தீர்மானம் தயாரிக்கவும் நாள்தோறும் வேண்டப்படும் ஆபீஸ் மென்பொருள் வேறு. இப்பின்னதைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறோம்.

ஒவ்வொரு மேஜைக்கும் வலிமை மிக்க கணிப்பொறி வாங்குவது பெருஞ்செலவு. ஆகவே ஒரே பெரிய கணிப்பொறியைச் சர்வராக நிறுவி, மேஜைகளில் எளிய கணிப்பொறிகளை வைத்து, அவற்றின் வழியே அனைவரும் அச்சர்வரில் நுழைந்து வேலை செய்யும் முறை பரவியுள்ளது. இதனை ரிமோட் டெஸ்க்டாப் என்பர். மென்பொருள் இயங்குவது சர்வரில். மேஜையில் தெரிவது அதன் திரை மட்டுமே. கடற்கரையிலுள்ள காயல்பட்டினத்தில் தலைமை அலுவலகமும் ஆற்றுப்புறத்து ஆத்தூரில் கிளையும் கொண்ட ஒரு சங்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிளையில் எழுதிய கடிதத்தை அடுத்த நொடியே தலைமை அலுவலகத்தில் திறந்து பார்க்கலாம். இது பெரும் வசதியே.

இங்கேதான் ஐயம் எழுகிறது. “சர்வர் ஒன்று, அதில் நிறுவிய ஆபீஸ் மென்பொருளும் ஒன்று. ஆகவே ஒரு லைசென்ஸ் போதுமல்லவா?” என்று கேட்போர் உண்டு. போதாது என்பதே விடை.

நம் பகுதியில் பனை குத்தகைக்கு விடும் வழக்கத்தை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். பதனீர் இறக்கக் குத்தகை எடுத்தவர் மரத்தை வாங்கியவர் ஆகார். மரம் உடையவருக்கே சொந்தம்; குத்தகைதாரருக்கு உள்ளது, ஒப்புக்கொண்ட அளவில் ஒப்புக்கொண்ட காலம் வரை பயன் கொள்ளும் உரிமை மட்டுமே. மென்பொருளும் அத்தகையதே. நாம் பணம் கொடுத்துப் பெறுவது பயன்படுத்தும் அனுமதி. அதன் அளவு ஒப்பந்தத்தில் எழுதியபடியே அமையும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் சர்வரைக் கொண்டால் அனுமதி மூன்று படிகளாக வேண்டும். முதலாவது, சர்வருக்கான லைசென்ஸும் அதனை அணுகுவோருக்கான லைசென்ஸும். இரண்டாவது, ரிமோட் டெஸ்க்டாப் முறையில் நுழைவதற்கான தனி லைசென்ஸ். மூன்றாவது, ஆபீஸ் மென்பொருளுக்கான லைசென்ஸ். ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாமென்று ஆகிவிடாது. லைசென்ஸ் பெறாமலே இருவர் ஒரே நேரத்தில் நுழைய சர்வர் இடந்தருவது உண்மையே; ஆயின் அது சர்வரைப் பராமரிக்கும் வேலைக்கு மட்டும் உரியது, அன்றாட அலுவலுக்கு அன்று.

நுழைவதற்கான லைசென்ஸை ஆள் கணக்கிலோ கருவிக் கணக்கிலோ வாங்கலாம். மேற்கூறிய சங்கத்தில் 9 ஊழியர்களும் 6 கணிப்பொறிகளும் இருப்பின், கருவிக் கணக்கில் 6, ஆள் கணக்கில் 9. கருவிக் கணக்கே ஆதாயம். ஆனால் அவ்வூழியருள் நால்வர் தத்தம் கைப்பேசியிலிருந்தும் நுழைவார்களாயின் கருவிகள் 10 ஆகிவிடும். ஆட்களோ 9 பேர்தாம். அப்போது ஆள் கணக்கே சிக்கனம். ஆதலின் வாங்குமுன் யார், எங்கிருந்து, எந்தக் கருவியில் நுழைகிறார் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆபீஸ் மென்பொருளுக்கும் இரு வழிகள் உண்டு. ஒருமுறை பணம் செலுத்தி மொத்த ஒப்பந்தத்தில் வாங்கும் ஆபீஸ் எல்.டி.எஸ்.சி. பதிப்பு கருவிக் கணக்கில் அமைந்தது. மென்பொருள் சர்வரில் இருந்தாலும், அதனைத் தொலைவிலிருந்து பயன்படுத்தும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு லைசென்ஸ் வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 10. மற்றொன்று, சந்தா செலுத்தி ஆள் கணக்கில் பெறும் மைக்ரோசாஃப்ட் 365. இதில் 9 போதும். ஆனால் எல்லாச் சந்தாக்களும் பொதுச் சர்வருக்குப் பொருந்துவதில்லை. சிறு நிறுவனங்களுக்கான சந்தாக்களுள் பிசினஸ் பிரீமியம் இவ்வனுமதியை உட்கொண்டது. விலை குறைந்த பிசினஸ் ஸ்டாண்டர்ட் உட்கொள்ளவில்லை. கடையில் தனி ஒருவருக்கென விற்கும் பெட்டிப் பிரதியும், புதுக் கணிப்பொறியோடு சேர்ந்து வரும் பிரதியும் இம்முறைக்கு உரியன அல்ல.

“வேலை செய்கிறதே, பின் என்ன குறை?” என்று இருந்துவிடலாகாது. நுழைவு லைசென்ஸ் ஏற்பாடு செய்யாவிடினும் சர்வர் 120 நாட்கள் தவணை தந்து இயங்கும். 121-ஆம் நாள் கதவை அடைத்துவிட்டால், கடன் வழங்கும் பருவத்திலோ கூலிப் பட்டியல் போடும் நாளிலோ அலுவலகமே நின்றுபோகும். ஆள் கணக்கில் வாங்கியவிடத்தோ, எண்ணிக்கை மிஞ்சினாலும் சர்வர் தடுக்காமல் விட்டுவிடுவதும் உண்டு. தடுக்காதது அனுமதி ஆகாது. கணக்கு வைப்பது நம் பொறுப்பே. சாதாரண விண்டோஸ் 11 கணிப்பொறியின் உட்கோப்பைத் திருத்திப் பலர் நுழையும்படி செய்து தருவோரும் உளர். அது ஒப்பந்தத்திற்கு மாறானது. அத்தகைய மலிவை நாடலாகாது.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் சேர்க்கப்பட்ட 63-பி பிரிவு, உரிமை மீறிய மென்பொருட் பிரதியைத் தெரிந்தே பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. சங்கத்திற்கு நஷ்டம் நேர்ந்தால், 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவில் தண்டத்தீர்வை நடவடிக்கையும் உண்டு. நிர்வாகக் குழுவினரும் ஊழியரும் தம் கைப்பணத்திலிருந்து ஈடு செய்ய நேரலாம் என்பதை மறவாதிருப்போமாக.

இவ்வளவு செலவைத் தாங்க இயலாத சிறு சங்கங்களுக்கு வேறு வழியும் திறந்தே உள்ளது. 2010-இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வளர்ந்த லிப்ரே ஆபீஸ் என்னும் கட்டற்ற மென்பொருளுக்கு ஆள் கணக்கோ கருவிக் கணக்கோ இல்லை. தமிழிலும் அதன் பட்டிகளைக் காணலாம். ஒன்றை மட்டும் கவனிக்க: சர்வர் விண்டோஸாக இருப்பின், லிப்ரே ஆபீஸ் இலவசமாயினும் நுழைவு லைசென்ஸ் வேண்டியதே. சர்வரையும் லினக்ஸில் அமைத்தால்தான் அச்செலவும் நீங்கும். தமிழக அரசின் எல்காட் நிறுவனமே 2006, 2007 ஆண்டுகளில் தன் அலுவலகத்தை லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றிக் காட்டியிருக்கிறது. ஆயினும் ஊழியருக்குப் பயிற்சியும், பழைய கோப்புகள் சரியாகத் திறக்கின்றனவா என்ற சோதனையும், பழுது பார்க்க ஓர் ஆளும் வேண்டும். விலையில்லாதது செலவில்லாதது ஆகிவிடாது.

ஆகவே சங்கங்கள் செய்யத்தக்கவை இவை. மென்பொருளுக்கெனத் தனிப் பதிவேடு ஒன்று வைத்து, வாங்கிய தேதி, பதிப்பு, எண்ணிக்கை, ஆள் கணக்கா கருவிக் கணக்கா என்பது, சந்தா முடியும் நாள் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். விற்பவரிடம், “பொதுச் சர்வரில் இத்தனை பேர் பயன்படுத்த இது செல்லும்” என்று எழுத்தில் பெறுதல் வேண்டும். ஊழியர் விலகினாலும் புதியவர் சேர்ந்தாலும் அன்றே பதிவேட்டைத் திருத்துதல் வேண்டும். ஆண்டுக்கொரு முறை இருப்புச் சரிபார்க்கும்போது நூற்கட்டுகளையும் உர மூட்டைகளையும் எண்ணுவது போலவே இவற்றையும் எண்ணுதல் வேண்டும்.

அங்கத்தினர்களும் பேரவைக் கூட்டத்தில் இதனைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. “நம் சர்வரில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை லைசென்ஸ் உள்ளன?” என்ற கேள்விக்குக் காரியதரிசி பதிவேட்டைத் திறந்து விடை கூற முடியுமானால், அச்சங்கத்தின் நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறது என்று நம்பலாம்.