பாலக்காட்டுக் கணவாய் பிரித்த பறவைகள்

கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை அறுபட்டுக் கிடக்கும் சுமார் 30 கிலோமீட்டர் தாழ்நிலம். மனிதருக்கு இது காலங்காலமாகப் புழங்கும் வழி. மலையுச்சிச் சோலையில் வாழும் சிறு பறவைக்கோ தாண்டவே முடியாத தடை.

நீலகிரி சோலைக்கிளியைப் பாருங்கள். கிளி என்று பெயரே தவிர, ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தது. சோலைக்காட்டின் இருண்ட அடிப்பகுதியில், ஈரச் சருகுக்கும் புதருக்கும் இடையே தரையோரமாகப் பூச்சி தேடித் திரியும். முதுகும் மார்பும் கருநீலம், விலாப்புறம் செம்பழுப்பு. கணவாயைக் கடந்து ஆனைமலை, பழனிமலைச் சோலைகளுக்குப் போனால் அதே உருவம், அதே நடத்தை. ஆனால் செம்பழுப்பைக் காணோம். வயிறு பளிச்சென்று வெள்ளை. இரண்டும் ஒரே இனத்தின் இரு வடிவங்கள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது.

மரபணுக்கள் வேறு கதை சொல்லின. வி.வி.ராபின், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி உள்ளிட்டோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, இப்பறவைகளுக்கு ‘ஷோலிகோலா’ என்ற தனிப் பேரினத்தையே உருவாக்கியது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைப் பகுதியில் வாழ்பவை மூன்றாவது இனம் என்றும் அறிவித்தது. இதே மலைகளின் சிரிப்பான் பறவைகளும் அப்படியே மலைக்கு மலை பிரிந்திருந்தன.

பிரிவு நிகழும் விதம் இதுதான். இந்தப் பறவைகளுக்குக் குளிர்ந்த உயர்மலைக் காடுதான் வீடு. கீழே இறங்கினால் வெப்பம், வறட்சி. ஆகவே இரு பக்கத்துக் கூட்டங்களுக்கும் இடையே கலப்பு நின்றுபோகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுவில் சிறு பிழைகள் தோன்றும். சில தற்செயலாகப் பரவும். சில பிழைத்திருக்க உதவுவதால் நிலைக்கும். ஒரு பக்கத்தில் தோன்றிய மாற்றம் மறுபக்கத்தை எட்டாது. லட்சக்கணக்கான ஆண்டுகளில் நிறம் மாறும், பாட்டும் மாறும். பாட்டை வைத்தே பறவைகள் துணையைத் தேடுவதால் இந்த மாற்றம் முக்கியமானது.

ஆனால் எதிரெதிர் மலையில் இருப்பவை இயற்கையில் சந்திப்பதே இல்லை. இணை சேருமா, சேராதா என்று எப்படிச் சோதிப்பது? அதனால்தான் மரபணு, பாட்டு, உடலமைப்பு மூன்றையும் சேர்த்து வைத்து முடிவு செய்கிறார்கள். இனங்களுக்கிடையே கோடு போடுவதில் அறிஞர்களுக்குள் வாக்குவாதம் ஓயாததும் இதனால்தான்.

மலையும் கணவாயும் இல்லாமலும் பிரிவு தொடங்கலாம். அமெரிக்காவில் ஹாதார்ன் பழங்களில் முட்டையிட்டுவந்த ஒரு வகை ஈ, குடியேறிகள் கொண்டுவந்த ஆப்பிளுக்கு 19ஆம் நூற்றாண்டில் தாவியது. ஆப்பிள் முன்னதாகப் பழுப்பதால் இரு கூட்டங்களும் இணைசேரும் பருவமே விலகத் தொடங்கிவிட்டது.

தேயிலை, யூக்கலிப்டஸ், சீகைத் தோட்டங்களும் இன்று சோலைகளைத் துண்டாக்குகின்றன. இதுவும் பிரிவுதானே, புது இனம் பிறக்காதா என்று கேட்கலாம். பிறக்காது. புது இனத்துக்கு நீண்ட காலமும், அதுவரை அழியாமல் தாக்குப்பிடிக்கும் அளவுக்குக் கூட்டமும் வேண்டும். துண்டுக்காட்டில் மிஞ்சும் சில பறவைகளுக்கு இரண்டுமே இல்லை. நீலகிரி சோலைக்கிளி ஏற்கெனவே அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிறது. மிச்சமிருக்கும் சோலைகளை வெட்டாமல் விடுவதும், அவற்றை ஒன்றோடொன்று இணைப்பதும் வனத்துறையும் மலைவாழ் மக்களும் சேர்ந்து உடனே செய்ய வேண்டிய வேலை.