உங்களுக்குத் தெரியுமா? ஃபிளாஸ்கில் வாடும் பச்சைத் தேநீர்

குன்னூரில் வாங்கிய பச்சைத் தேயிலையைக் காலையில் வடித்து ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்தால், நேரம் ஆக ஆகப் பழுப்பேறுவதைப் பார்க்கலாம். அதிலுள்ள கேட்டச்சின்கள் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் உருமாறுவதுதான் காரணம். காய்ந்த இலையில், ஈரம் புகாத டப்பாவில், மாதக்கணக்கில் தாக்குப்பிடிப்பவை அவை. தண்ணீரில் இறங்கியதும் பலவீனமாகிவிடும். சூடு அந்தச் சிதைவைத் துரிதப்படுத்தும். ஆக, சூட்டைக் காக்கும் ஃபிளாஸ்க் தேநீரின் சத்தைக் காப்பதில்லை! குளிர்சாதனப் பெட்டி எவ்வளவோ மேல்.

இதில் அமிலத்தின் பங்கு பெரிது. பி.எச். அளவு 4-க்குக் கீழே இருந்தால் கேட்டச்சின்கள் ஓரளவு நிலைத்திருக்கும். நடுநிலையான 7-ஐ நெருங்கினால் வேகமாகச் சிதையும். எலுமிச்சைச் சாறு பிழிவது வெறும் ருசிக்கு மட்டுமல்ல. ஜப்பானில் பாட்டிலில் விற்கும் பச்சைத் தேநீரில் வைட்டமின் சி சேர்ப்பதும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதற்காகத்தான்.

கறுப்புத் தேயிலையின் கதை வேறு. கேட்டச்சின்களில் பெரும்பகுதி தொழிற்சாலையிலேயே தியாஃபிளாவின், தியாரூபிஜின் என்ற சேர்மங்களாக மாறிவிடுகிறது. டிகாக்‌ஷன் குளிரும்போது இவை கஃபீனுடன் சேர்ந்து கலங்கலாகும். நீலகிரித் தேயிலையில் இந்தக் கலங்கல் குறைவு என்பது வணிகர்கள் அறிந்தது. ஐஸ் டீ தயாரிப்பவர்கள் அதைத் தேடி வாங்குவார்கள்.